இரண்டாம் ஞாயிற்றின் பிரசங்கம்

கிறிஸ்தவ ஆலயங்களில் நீதியைப் பற்றிய பிரசங்கத்துக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. தீர்க்கதரிசிகளின் ஆகமங்களும் மலைப்பிரசங்கமும் முறைப்படி வாசிக்கப்படுகிற ஓரிடத்தில், ஏழையின் கூலியைப் பிடித்துவைத்துக்கொள்பவனுக்கும் விதவையின் வீட்டைப் பட்சிப்பவனுக்கும் வரவிருக்கும் ஆக்கினையைப் பற்றி ஆண்டில் சில தடவையாவது பேசாமல் ஒரு குருவானவர் தம் ஊழியத்தை நடத்திவிட முடியாது. அவரும் பேசுகிறார், சபையாரும் கேட்கிறார்கள், கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டவரே முன்வரிசையில் அமர்ந்து தலையசைத்துக் கேட்டுவிட்டு, பிரசங்கம் மிக உருக்கமாயிருந்தது என்று வாசற்படியில் சொல்லிப் போகிறார். அவரைக் கபடர் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது முழு நியாயமாகாது. கண்டிக்கப்பட்டது தாம்தான் என்பதை அவர் உணரும்படியாக அந்தப் பிரசங்கம் அமையவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை.

பெத்தேலில் ஆமோஸ் பேசியபோது அப்படி நடக்கவில்லை. இது அரசனுடைய பரிசுத்த ஸ்தலம், உன் தீர்க்கதரிசனத்தை யூதாவுக்குப் போய்ச் சொல்லிப் பிழைத்துக்கொள் என்னும் பொருள்பட, அவ்விடத்து ஆசாரியனான அமத்சியா அவரைத் துரத்த முற்பட்டான் என்று வேதாகமம் சொல்கிறது. ஆகவே நீதிப் பிரசங்கத்தின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர், சிறப்பான பிரசங்கங்கள் எவை என்று தேடுவதைக் காட்டிலும், கேட்டவர்கள் எழுந்து சண்டைக்கு வந்த பிரசங்கங்கள் எவை, அவர்களை எழுப்பியது பேச்சின் வன்மைதானா அல்லது பேச்சுக்குப் பின்னால் நின்ற வேறொன்றா என்று பார்ப்பது அதிகப் பயன் தரும். இந்த நோக்கில் ஆராய்வதற்கு, 1511 டிசம்பரில் இஸ்பானியோலாத் தீவில் அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நிகழ்ந்த இரண்டு பிரசங்கங்களைவிடத் தகுந்தவை கிடைப்பது அரிது.

இன்று ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசுமாகப் பிரிந்து கிடக்கிற அத்தீவில் கொலம்பஸ் 1492-இல் கால்வைத்தார். இருபதாண்டு முடிவதற்குள் அங்கிருந்த தாயினோ மக்கள் பொன்சுரங்கத்திலும் பண்ணையிலும் நோயிலும் பட்டினியிலும் கூட்டங்கூட்டமாக மாண்டுகொண்டிருந்தார்கள். இதற்குச் சட்டத்தின் ஆதாரமும் இருந்தது. 'என்கோமியெண்டா' என்று ஸ்பானியர் வழங்கிய முறைப்படி, ஒவ்வொரு குடியேறியிடமும் இத்தனை பேர் என்று உள்நாட்டு மக்கள் 'ஒப்படைக்க'ப்பட்டார்கள். அவர்களுக்கு ஞானோபதேசம் கற்பித்து ஆதரிப்பது அவன் கடமை, அவனுக்கு வேலை செய்வது அவர்கள் கடமை என்பது ஏற்பாடு. வேலை வாங்கப்பட்டது, உபதேசம் பெரும்பாலும் நடக்கவில்லை. அடிமைத்தனம் என்னும் பெயரைச் சட்டம் சூட்டவில்லையாதலால், ஒவ்வொரு ஞாயிறும் பூசை காண வந்த அந்தக் கனவான்களில் எவரும் தம்மை அடிமைகளுக்கு எஜமானராக எண்ணிக்கொள்ள வேண்டிய அவசியம் நேரவில்லை.

1510-இல் இத்தீவுக்குச் சாமிநாதர் சபைத் துறவிகள் சிலர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தலைவராயிருந்த பேத்ரோ தெ கோர்தொபா முப்பது வயதைக்கூட எட்டாதவர். குடியேறி ஒருவருடைய தோட்டத்துக் கோடியில் கிடைத்த குடிசையில் தங்கி, கிழங்குமாவு ரொட்டியைத் தின்று, வைக்கோற் படுக்கையில் படுத்து, தங்கள் சபையின் ஆதி ஒழுங்கையே கண்டிப்பாய் அனுசரித்துவந்த அவர்கள், தமக்கென்று உள்நாட்டுப் பணியாளர் எவரையும் ஒப்படைவாக வாங்கிக்கொள்ளவில்லை. இதைத் துறவியரின் புண்ணியக் கணக்கில் எழுதிவிட்டு நகர்வது வழக்கம். ஆனால், பின்னால் நடந்தவற்றுக்கு இதுவே அஸ்திவாரமாயிற்று என்பதைச் சற்றைக்கெல்லாம் காண்போம்.

இக்கதையில் இன்னொரு மனிதன் உண்டு. அவனை மறந்துவிடுபவர்களே அதிகம். குவான் கார்சேஸ் என்னும் அந்த ஸ்பானியன் ஆரம்பகாலக் கொலைபாதகங்களில் தானும் கலந்துகொண்டவன்; பிறகு தன் மனைவியையே கொன்றுவிட்டு, நீதிக்குத் தப்பிக் காட்டுக்குள் உள்நாட்டு மக்களிடையே சில ஆண்டுகள் ஒளிந்து திரிந்தவன். துறவிகள் வந்ததை அறிந்து அவர்களிடம் ஓடிவந்து, பச்சாதாபப்பட்டு, அவர்கள் மடத்திலேயே ஊழியச் சகோதரனாகச் சேர்ந்தான். சுரங்கங்களில் என்ன நடக்கிறது, கிராமங்கள் எவ்விதம் அழிக்கப்பட்டன என்பதையெல்லாம் கண்டவனும் செய்தவனுமாக அவனே அவர்களுக்குச் சொன்னான். நீதியைப் பற்றிப் பேசத் துணிந்த அந்தப் பண்டிதர்களுக்கு விவரம் சொல்லிக்கொடுத்தவன் ஒரு கொலையாளி என்பது நம்முடைய நயமான எதிர்பார்ப்புகளுக்கு உகந்ததாயிராது. ஆயினும் விவரம் விவரந்தான்.

கேட்டவற்றைத் தாங்கள் கண்டவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த துறவிகள், ஜெபத்திலும் உபவாசத்திலும் ஆலோசனையிலும் சில நாட்களைக் கழித்த பின்னர், இதைப் பிரசங்க பீடத்திலிருந்தே வெளிப்படையாகச் சொல்வதென்று தீர்மானித்தார்கள். பிரசங்கத்தை ஒருவர் எழுதவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து எழுதி, அனைவரும் அதில் கையெழுத்தும் இட்டார்கள். அவர்களுள் நாவன்மையும் கண்டிப்பும் பெற்றவரான அந்தோனியோ தெ மொந்தெசினோஸ் அதைச் சொல்லவேண்டுமென்று தலைவர் கட்டளையிட்டார். நகரத்துப் பிரமுகர்களை வீடுவீடாகச் சென்று, அந்த ஞாயிறு எல்லாருக்கும் சம்பந்தமான ஒரு விஷயம் பேசப்படும் என்று அழைத்தார்கள். கொலம்பஸின் குமாரரும் தீவின் ஆளுநருமான தியேகோ கொலோன் உட்பட அதிகாரவர்க்கம் முழுவதும் 1511 டிசம்பர் 21-ஆம் நாள், திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறன்று, சாந்தோ தொமிங்கோ நகரின் பெரிய கோவிலில் கூடியிருந்தது.

அன்றைய சுவிசேஷ வாக்கியம், வனாந்தரத்திலே கூப்பிடுகிற சத்தமாக ஸ்நாபக யோவான் தம்மைக் கூறிக்கொள்வது. அதை எடுத்துக்கொண்ட மொந்தெசினோஸ், இத்தீவே அந்த வனாந்தரம், இங்கே கேட்கிற சத்தம் உங்களுக்கு இதுவரை கேட்டிராத கடினமான சத்தமாயிருக்கும் என்று தொடங்கி, கேட்டுக்கொண்டிருந்த எல்லாரும் சாவான பாவத்தில் இருக்கிறார்கள் என்று அறிவித்தார். எந்த உரிமையால் இந்த ஜனங்களை இத்தகைய கொடிய அடிமைத்தனத்தில் வைத்திருக்கிறீர்கள், இவர்களும் மனிதர்களல்லவா, உங்களைப்போல நேசிக்கவேண்டிய கடமை உங்களுக்கு இல்லையா என்ற தோரணையில் அடுக்கடுக்காக அவர் கேட்ட கேள்விகளே பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றன. அவர் தலையை நிமிர்த்தியபடியே கோவிலைவிட்டு வெளியேறினாராம். உள்ளே எழுந்த முணுமுணுப்பில் பூசையை முடிப்பதே பெரும்பாடாயிற்றாம்.

மத்தியானத்துக்குப் பின் ஆளுநரும் அரசாங்க உத்தியோகஸ்தர்களும் குடிசைக்கு வந்து கதவைத் தட்டினார்கள். பிரசங்கியை அழைத்துவரச் சொன்னவர்களிடம், பேத்ரோ தெ கோர்தொபா சாவதானமாக, பேசியவர் ஒருவரேயானாலும் பேச்சு மடத்தார் எல்லாருடையதும் என்று பதிலளித்தார். வந்தவர்கள் மிரட்டினார்கள்; அரசர் கொடுத்ததை அநியாயமென்பது ராஜத்துரோகம் என்றார்கள்; திருத்திப் பேசாவிட்டால் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஸ்பெயினுக்குக் கப்பலேறத் தயாராகுங்கள் என்றார்கள். அதிலொன்றும் சிரமமில்லை என்று கோர்தொபா சொன்னார். அவர்களுடைய முரட்டு அங்கிகள், போர்வைகள், புஸ்தகங்கள், பூசைக்குரிய பாத்திரங்கள் யாவும் இரண்டு பெட்டிகளில் அடங்கக்கூடியவையே. மிரட்டல் ஏன் பலிக்கவில்லையென்பது இங்கே தெரிகிறது: பறித்துக்கொள்ள அவர்களிடம் ஒன்றுமில்லை. பணியாளும் பண்ணையும் வாங்கிக்கொண்டிருந்த ஒரு மடம், அவற்றைக் கொடுத்த ஆளுநர் வாசலில் நிற்கையில், இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்லியிருக்க இயலாது.

கடைசியில் மிரட்டல் கெஞ்சலாக மாறிற்று. அடுத்த ஞாயிறு அதே துறவி அதே விஷயத்தைப் பற்றியே பேசுவார் என்று வாக்களிக்கப்பட்டது. மறுப்புரை வரப்போகிறதென்று நகரமெல்லாம் செய்தி பரவியதால், 28-ஆம் தேதி கோவிலில் இடமில்லை. மொந்தெசினோஸ் யோபு ஆகமத்திலிருந்து ஒரு வசனத்தை எடுத்து, தாம் முன்சொன்னதை ஆதியிலிருந்து மீண்டும் நிரூபிக்கப்போவதாகக் கூறி, அப்படியே செய்தார். செய்துவிட்டு, இனிமேல் உள்நாட்டு மக்களை அடக்கிவைத்திருக்கும் எவருக்கும் நாங்கள் பாவசங்கீர்த்தனம் கேட்கமாட்டோம், வழிப்பறிக்காரனுக்குப் பாவப்பொறுத்தல் கொடுப்பதெப்படியோ அப்படியே உங்களுக்குக் கொடுப்பதும் என்று முடித்தார். இதை வேண்டுமானால் ஸ்பெயினில் யாருக்கு எழுதவேண்டுமோ அவருக்கு எழுதிக்கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

முதல் ஞாயிறு எழுந்தது கோபம். இரண்டாம் ஞாயிறு எழுந்தது பயம். பதினாறாம் நூற்றாண்டின் கத்தோலிக்கனுக்குப் பாவப்பொறுத்தல் மறுக்கப்படுவதென்பது, சமூகத்தில் சற்று முகம் வாடுகிற காரியமல்ல. காய்ச்சலும் கடலும் எந்நாளும் உயிரைப் பறிக்கக்கூடிய ஒரு தீவில், பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்கமுடியாமலும், மரணப்படுக்கையில் குருவின் கையசைவு இல்லாமலும் போவதென்றால், நித்திய நரகத்தின் வாயிலில் நிற்பதாகவே அவன் நம்பினான். சுரங்கத்தில் இருந்த நூறு பேரின் உழைப்பும் அவன் ஆத்துமாவும் ஒரே தராசின் இரு தட்டுகளில் வைக்கப்பட்டன. என் அபிப்பிராயத்தில், நீதிப் பிரசங்கத்தின் பெறுமானம் அதிலுள்ள கேள்விகளின் கூர்மையால் மட்டும் நிர்ணயிக்கப்படுவதில்லை. பேசுகிற சபை தன்னுடையவர்களுக்கு எதைக் கொடுக்க மறுக்கத் துணிகிறது, அந்த மறுப்பின் நஷ்டத்தைத் தானும் தாங்கிக்கொள்கிறதா என்பதே அதைப் பெருமளவில் நிர்ணயிக்கிறது. காணிக்கையும் தயவும் போய்விடுமென்று தெரிந்தே அந்தத் துறவிகள் இதைச் செய்தார்கள்.

இதன் பிறகான சம்பவங்கள் ஒரு பிரசங்கம் உலகத்தில் எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்பதற்குப் பாடமாயிருக்கின்றன. செய்தி அறிந்த அரசர் பெர்தினாந்து, 1512 மார்ச்சு 20-ஆம் தேதியிட்ட கடிதத்தில், பிரசங்கத்தைக் கண்டு தாம் திடுக்கிட்டதாகவும், துறவிகள் பிடிவாதமாயிருந்தால் கப்பலேற்றி அனுப்பிவிடலாமென்றும் ஆளுநருக்கு எழுதினார். சாமிநாதர் சபையின் ஸ்பெயின் மேலதிகாரியும் தம்முடைய துறவிகளையே கடிந்துகொண்டார். குடியேறிகள் தங்கள் பக்கம் வழக்காட அலோன்சோ தெல் எஸ்பினால் என்ற பிரான்சிஸ்கு சபைத் துறவியை அனுப்பினார்கள்; எதிர்த் தரப்பில் மொந்தெசினோஸே போனார். அவரை அரசரிடம் விடாமல் வாயிற்காவலன் நாட்கணக்கில் தடுத்தானென்றும், ஒருநாள் அவன் கதவைத் திறந்த சமயம் பார்த்து அவர் உள்ளே புகுந்துவிட்டாரென்றும் சொல்லப்படுகிறது. தம் கையிலிருந்த விவரப் பட்டியலை மண்டியிட்டு அவர் வாசித்தபோது அரசர் கலங்கினாராம். எஸ்பினாலையும் அவர் தெருவிலேயே வழிமறித்து வாதாடி மனம் மாற்றிவிட்டார்.

பலன், 1512 டிசம்பர் 27-ஆம் தேதி பிறந்த பர்கோஸ் சட்டங்கள். முப்பத்தைந்து விதிகள் கொண்ட அச்சட்டத்தில், கர்ப்பிணிகளைச் சுரங்கத்துக்கு அனுப்பலாகாதென்றும், உள்நாட்டவன் எவனையும் தடியாலும் சவுக்காலும் அடிக்கலாகாதென்றும், அவனை 'நாய்' என்று அழைக்கக் கூடாது, அவன் பெயரைச் சொல்லியே அழைக்கவேண்டுமென்றும் விதிகள் இருந்தன. படித்ததும் மனம் நெகிழ்கிறது. ஆனால் ஒப்படைவு முறை ரத்தாகவில்லை, மாறாகச் சட்டபூர்வமாக உறுதிப்பட்டது. எந்த உரிமையால் என்று துறவி கேட்டதற்கு, எந்த முறையால் என்று அரசு பதில் சொல்லிற்று. நீதிக்காக எழுகிற கூக்குரலை நிர்வாகச் சீர்திருத்தமாக மாற்றி விழுங்கிவிடுகிற வித்தையை அரசாங்கங்கள் அன்றே அறிந்திருந்தன. மறு ஆண்டே அரசசபைச் சட்ட நிபுணர்கள் 'ரெக்கெரிமியென்தோ' என்ற ஓர் அறிவிப்பைத் தயாரித்தார்கள்: படையெடுத்துச் செல்லுமிடத்தில், அந்நாட்டார் போப்பாண்டவருக்கும் ஸ்பெயின் அரசருக்கும் கீழ்ப்படியவேண்டுமென்று ஸ்பானிய மொழியில் வாசித்துவிட்டால், மறுப்பவர்கள் மேல் செய்யும் யுத்தம் நியாய யுத்தமாகிவிடும். 1514-இல் இஸ்பானியோலாவில் எடுத்த கணக்கில், லட்சக்கணக்கில் வாழ்ந்ததாகக் கருதப்படும் தாயினோ மக்களில் எஞ்சியிருந்தவர்கள் முப்பதாயிரத்துக்கும் குறைவு. யாருக்காக அந்தப் பிரசங்கம் நிகழ்த்தப்பட்டதோ அவர்களை அது காப்பாற்றவில்லை.

ஆனால் அதன் சரியான பயனாளி வேறோரிடத்தில், தாமதமாக வந்து சேர்ந்தார். பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் அப்போது குருப்பட்டம் பெற்றவராயும், அதேசமயம் ஒப்படைவு பெற்ற பண்ணைக்காரராயும் இருந்தார். சாமிநாதர் சபைத் துறவி ஒருவர் அவருக்கும் பாவப்பொறுத்தல் மறுத்தார். அவர் வாதாடிப் பார்த்தும் துறவி அசையவில்லை. அந்த முள் உள்ளே தைத்தபடியே கிடந்து, 1514-இல் கியூபாவில் பெந்தெகொஸ்தே திருநாள் பிரசங்கத்துக்காக அவர் சீராக் ஆகமத்தைப் புரட்டியபோது, ஏழையிடம் பறித்ததைக் கொண்டு இடும் பலியை ஆண்டவர் ஏற்பதில்லை என்ற கருத்துள்ள அதிகாரத்தில் வந்து குத்திற்று. தம்மிடமிருந்தவர்களை விடுவித்துவிட்டு, ஆகஸ்டு 15-ஆம் தேதி தேவமாதாவின் திருநாளில் தம் பங்கு மக்களுக்கு முன் அதை வெளிப்படையாகச் சொன்னார். பிறர் ஆச்சரியப்பட்டார்கள், பின்பற்றியவர்கள் இல்லை. முப்பதாண்டுக்குப் பின், சியாப்பாஸ் மேற்றிராணியாராக 1545 தவசுகாலத்தில், அடிமைகளை விடாதவருக்குப் பாவப்பொறுத்தல் இல்லையென்று அவரே உத்தரவிட, ஊரில் கலகம் மூண்டது. தமக்கு மறுக்கப்பட்டபோது தைத்த முள்ளின் வேலையை அவர் மறக்கவில்லை.

லாஸ் காசாஸைக் குறையற்றவராக்குவதும் சரியாகாது. உள்நாட்டவரின் சுமையைக் குறைக்கும் எண்ணத்தில், ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாமென்று 1516-இல் யோசனை சொன்னவரும் அவர்தான். வயோதிகத்தில் அதற்காக வருந்தி எழுதியிருக்கிறார் என்றாலும், கண்ணெதிரே துன்பப்படுபவனுக்கு நியாயம் தேடும் வேகத்தில் கண்ணில் படாதவனை விற்றுவிடுகிற அபாயம் நீதி பேசுகிறவர்களை எப்போதும் தொடர்கிறது.

இதே காலத்தில் நம்முடைய கரையில் நடந்ததையும் குறிப்பிடவேண்டும். முத்துக்குளித்துறைப் பரவர்கள் 1530-களின் பிற்பகுதியில் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், பாதுகாக்க வந்தவர்களே பறிப்பவர்களாயிருப்பதைக் கண்டார். கரையின் போர்த்துகீசியத் தளபதியின் அக்கிரமங்களைப் பற்றி 1544-இல் அவர் எழுதிய கடிதங்களில் கொதிப்பு தெரிகிறது; 1545-இல் கொச்சியிலிருந்து லிஸ்பனுக்கு எழுதியபோது, நண்பர் எவரையும் அரச உத்தியோகத்தில் இந்தியாவுக்கு வரவிடாதீர், இங்கே கொள்ளையிடுவதற்கு எல்லா வினைவிகற்பங்களும் உண்டு என்னும் கருத்தில் கசப்போடு கேலி செய்கிறார். சொல்லவேண்டியதைச் சொன்னார், ஆயினும் அது பெரும்பாலும் கடிதத்தில், மேலிடத்துக்கு. தம் ஊழியத்துக்கு அந்த மேலிடத்தின் கப்பலும் காசும் தேவைப்பட்ட ஒருவருக்குச் சாந்தோ தொமிங்கோத் துறவிகளின் இரண்டு பெட்டிச் சுதந்திரம் இருக்கவில்லை.

என் கருத்துக்கு இடைஞ்சலான ஓர் உதாரணமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் அடியோடு ஒழியவேண்டும், தனித்தனி இருக்கையும் நற்கருணையில் முன்பின் பார்ப்பதும் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு விலகினார்கள். உபதேசிமார் சிலர் வேலை இழந்தார்கள். பிற்பாடு சாதி விஷயத்தில் சற்று நெகிழ்ச்சி காட்டிய லைப்ஸிக் மிஷனில் பலர் சேர்ந்தார்கள். இங்கேயும் மறுப்பு இருந்தது. விஷயமும் முழுக்க நியாயமானதே. எனினும் மொந்தெசினோஸ் மறுத்தது தம் இனத்து ஆளுகைக்காரர்களுக்கு. வில்சன் மறுத்தது, ஆளும் இனத்தின் மேற்றிராணியாராக, ஆளப்படுபவர்களுக்கு. அவருடைய சொந்த நாட்டார் இங்கே நடத்திய அநியாயங்களுக்கு அதே கண்டிப்பு அதே கையால் நீட்டப்பட்டிருந்தால், தஞ்சையில் எழுந்த எதிர்ப்புக்குப் பாதி சாக்கு இல்லாமற் போயிருக்கும். மீதிப் பாதி சாதி அபிமானந்தான், அதை மறைக்கவேண்டியதில்லை.

நம் காலத்துக்கு அருகில் சான் சல்வதோர் அத்தியட்சர் ஆஸ்கர் ரொமேரோ இந்த வழியை மீண்டும் கண்டெடுத்தார். 1977 மார்ச்சு 12-ஆம் நாள் ருத்திலியோ கிராந்தே என்ற குரு சுட்டுக் கொல்லப்பட்டபோது, அடுத்துவந்த 20-ஆம் தேதி ஞாயிறன்று தம் மேற்றிராசனம் முழுவதிலும் பேராலயத்தில் ஒரே ஒரு பூசைதான் நடக்கும், வேறெங்கும் இல்லை என்று அறிவித்தார். கொலை விசாரிக்கப்படும் வரையில் அரசு விழா எதற்கும் வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். செல்வர்களுக்கு அவர்களுடைய பங்குக்கோவிலில் வழக்கமான பூசை இல்லாமற் போனதே ஒரு பிரசங்கமாயிற்று. அதன் பிறகு வாரந்தோறும் வானொலியில் ஒலித்த அவருடைய பிரசங்கங்களில், அந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், காணாமற்போனவர்கள் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. 1980 மார்ச்சு 23 அன்று, கொல்லும்படி இடும் கட்டளைக்குக் கீழ்ப்படியவேண்டாமென்று சிப்பாய்களையே நோக்கிப் பேசினார். மறுநாள் பூசை செய்துகொண்டிருந்தபோது சுடப்பட்டு இறந்தார். 2018-இல் ரோமாபுரி அவரை அர்ச்சியசிஷ்டராக அறிவித்தது.

மொந்தெசினோஸின் பிரசங்கம் அவர் கைப்பட நமக்குக் கிடைக்கவில்லை. நாம் அறிவதெல்லாம் லாஸ் காசாஸ் தம் இந்தியத் தீவுகளின் சரித்திரத்தில் பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிவைத்தது. அந்தக் கிரந்தமும் நாற்பதாண்டு வெளியிடப்படாதிருக்கவேண்டுமென்று அவரே கேட்டுக்கொண்டது, முந்நூறாண்டு கிடந்து 1875-இல்தான் அச்சேறியது. இப்போது சாந்தோ தொமிங்கோக் கடற்கரையில், மெக்சிகோ நாடு அன்பளித்த பிரமாண்டமான சிலையாக, வாயருகே கையைக் குவித்துக் கடலை நோக்கிக் கூவியபடி நிற்கிறார் மொந்தெசினோஸ். வேதசாஸ்திரக் கல்லூரிகளிலும் மாநாட்டு மேடைகளிலும் இன்று அவருடைய வார்த்தைகளாக எடுத்துச் சொல்லப்படுபவை பெரும்பாலும் முதல் ஞாயிற்றின் கேள்விகளே. கேட்பவர் எல்லாரும் கைதட்டக்கூடியவை அவை. யாருக்கு எதைக் கொடுக்கமாட்டோம் என்று பெயர் சொல்லி அறிவித்த இரண்டாம் ஞாயிற்றுப் பிரசங்கத்தை எடுத்துக்காட்டுபவர்கள் குறைவு. எடுத்துக்காட்டினால், தங்கள் சபையில் யாருக்கு என்று அடுத்த கேள்வி வரும்.